உஸ்மான் கனி பாயும் எட்டின் நடுவில் படுத்த ஃபோர்மேனும்

குமணன்சாவடிப் பக்கம் யார் வீட்டில் மோட்டார் எரிந்தாலும் உஸ்மான் கனி பாயிடம்தான் போக வேண்டும். மிக்சியோ, கிரைண்டரோ, கிணற்று மோட்டாரோ, எது புகைந்தாலும் கழற்றிப் போட்டு, கருகின காயிலைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவார். வயது ஐம்பத்தெட்டு. கடைக்கு போர்டு கிடையாது. வாசலில் நாலு செத்த மோட்டார் கிடக்கும், அதுதான் போர்டு.

தொழிலில் அவருக்கு இருந்த பேர் ஒரு பக்கம் இருக்கட்டும். பக்தியில் இருந்த பேர் அதைவிடப் பெரிசு. அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளினால் ஒரு பள்ளிவாசல். விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு அங்கே போகலாம். போக மாட்டார். மெயின்ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு ஒரு மைலுக்கு மேல் நடந்து பெரிய பள்ளிக்குப் போவார். மழை கொட்டினாலும் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு மைல்தான். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளியின் இமாம் அஜ்ரத்தே தொழுகைக்கு முன் செய்கிற பயானில் சொன்னார்: "பள்ளிக்கு நடக்குற ஒவ்வொரு அடிக்கும் நன்மை உண்டுன்னு நாம பேசுறோம். அத நம்பி நடக்குறவர் நம்ம கனி பாய்." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாய் தலையைக் குனிந்துகொண்டார். என்ன அடக்கம் பார், என்றார்கள்.

விஷயம் இவ்வளவுதான். பக்கத்துப் பள்ளிக்குப் போகிற தெருமுனையில் ஒரு பால் பூத். அந்த பூத்துக்கு அடியில் நாலு நாய்.

கனி பாய்க்கு நாய் என்றால் பயம். சும்மா தயக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. தூரத்தில் ஒன்று குரைத்தாலே உள்ளங்கை நனைந்துவிடும். பதினொரு வயதில் பாடியில் மாமா வீட்டுக்குப் போனபோது, லாரி ஷெட்டுக் காவலுக்கு இருந்த நாய் ஒன்று கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. கடித்தது ஒரு நிமிஷம் இருக்கும். அதற்கப்புறம் தொப்புளைச் சுற்றிப் பதினாலு நாள் பதினாலு ஊசி. நாயின் முகம் அவருக்கு மறந்துவிட்டது. "சட்டையத் தூக்கு" என்று சொன்ன கம்பவுண்டரின் குரல் மறக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் மண்டைக்குள் ஒரு வரைபடம் ஓடிக்கொண்டே இருந்தது. குமணன்சாவடியிலிருந்து பாரிவாக்கம் வரை எந்தத் தெருவில் எத்தனை, எது படுத்தே கிடக்கும், எது பைக்கை விரட்டும், எது குட்டி போட்டிருக்கிறது, எல்லாம் அத்துப்படி. நாய் இருக்கிற வீட்டில் மோட்டார் கழற்றக் கூப்பிட்டால், "கடைக்கே எடுத்தாந்துருங்க, இங்கதான் சுத்தமா பாக்க முடியும்" என்பார். வேலையில் சுத்தமான மனுஷன் என்று அதிலும் ஒரு பேர்.

இது தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி ஷரீஃபுன்னிசா. கல்யாணமான முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டாள். கடைத்தெருவில் கூட நடந்துகொண்டிருந்த புது மாப்பிள்ளை, திடுதிப்பென்று அவளை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றி நிறுத்தினார். என்னவோ பாசம் என்று நினைத்தாள். இடப்பக்கம் பார்த்தால் ஒரு நாய் படுத்திருந்தது. அப்புறம் முப்பது வருஷம் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஏரியாவில் வாயைத் திறக்காமல் முப்பது வருஷம் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

போன தை மாசம் பாயின் இடது காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்: "பள்ளிக்கு நடக்குறது கணக்குல வராது. அது போக தினம் நாற்பது நிமிஷம் நடக்கணும். ஒரு நாள் விடக் கூடாது. சர்க்கரை எறங்கலன்னா அடுத்தது பெருவிரல். அப்புறம் பாதம். நான் பயமுறுத்தல." பயமுறுத்தவில்லை என்று டாக்டர்கள் சொன்னால் என்ன அர்த்தம் என்று பாய்க்குத் தெரியும்.

எங்கே நடப்பது? விடிந்த பிறகு பெங்களூர் ரோட்டில் நடந்தால் சர்க்கரைக்கு முன்னால் லாரி வந்துவிடும். தெருக்களில் வரைபடம் இடம் கொடுக்கவில்லை. மிச்சமிருந்தது ஜாஸ்மின் நகர்ப் பூங்கா ஒன்றுதான். பாரிவாக்கம் போகிற வழியில், நாலு பக்கமும் சுவர், இரும்பு கேட், வாட்ச்மேன். காலை நேரத்தில் உள்ளே நாய் கிடையாது. தரையில் மஞ்சள் பெயின்ட்டில் பெரிய எட்டு ஒன்று போட்டிருக்கும். இந்தப் பக்கம் இருபது நிமிஷம், திருப்பி அந்தப் பக்கம் இருபது நிமிஷம் எட்டு நடந்தால் சர்க்கரை, பிரஷர், முட்டி வலி, மருமகள் தொல்லை எல்லாம் போகும் என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள். பாயும் நம்பினார். நாலு மாதத்தில் சர்க்கரை நன்றாகவே இறங்கியது. சாகும்வரை எட்டு நடந்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்று அவர் தெம்பாக இருந்தபோதுதான் கஜபதி வந்தார்.

கஜபதி ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்திநாலு வருஷம் லேத்தில் நின்று ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஜாஸ்மின் நகரில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தார். மனைவி போய் ஐந்து வருஷம். பிள்ளை இல்லை. கூட வந்தது ஒரு செம்பட்டை நிற நாட்டு நாய். அதன் பேர் ஃபோர்மேன்.

"இன்னா சார் இப்டி ஒரு பேரு?" என்று முதல் நாள் யாரோ கேட்டார்கள்.

"முப்பத்திநாலு வருசம் ஃபோர்மேன் என்னைய உக்காருன்னாரு, எந்திரின்னாரு, சத்தம் போடாதன்னாரு," என்றார் கஜபதி. "இப்போ நான் சொல்லிகினு கீறேன். டேய் ஃபோர்மேன், உக்காரு."

ஃபோர்மேன் உட்கார்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்றிருந்த உஸ்மான் கனி பாய் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பார்த்தது, நாயின் கழுத்தில் கயிறு இல்லை என்பதை.

ஃபோர்மேன் யாரையும் கடிக்கவில்லை, விரட்டவில்லை. அது செய்த ஒரே தப்பு, படுத்த இடம். எட்டின் நடுவில், இரண்டு வளையமும் வெட்டிக்கொள்கிற இடத்தில், புங்கமர நிழல் விழும். சரியாக அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். மற்றவர்கள் தாண்டிப் போனார்கள். பாயால் முடியவில்லை. நடுவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே திரும்பி, எட்டின் வடக்கு வளையத்துக்குள் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா பாய், எல்லாரும் எட்டு நடந்தா நீங்க மட்டும் சைபர் நடக்குறீங்க?" என்றாள் வேம்புலியம்மாள். அவள் காய்கறிக்கடைக்காரி. முட்டி வலி என்று சொல்லிக்கொண்டு, நடக்க வந்த இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தே இருப்பவள். பார்க்கில் நடக்கிற சமாசாரமெல்லாம் அவள் பெஞ்சைத் தாண்டித்தான் வெளியே போகும்.

பாய் பதில் தேடிக்கொண்டிருந்தபோது ஸ்ரீகாந்த் வந்தான். ஏதோ கம்பெனியில் மேனேஜர். பார்க்கில் நடக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவன்தான் அட்மின். விவரமான பையன். அடுத்தவர் வாயிலிருந்து விஷயம் வருவதற்கு முன்னாலேயே அவனுக்குப் புரிந்துவிடும்.

"ஓ, நாயா? கரெக்ட். உங்களுக்கு நாய் ஆகாதுல்ல பாய். தொழுகைக்குக் கை கால் கழுவுற ஒளு முறிஞ்சிடும்ல?"

பாய் தலையை ஆட்டினார். பொய் சொன்னார் என்று சொல்லிவிட முடியாது. வாய் ஒன்றும் சொல்லவில்லை. தலைதான் ஆடியது. ஐம்பத்தெட்டு வயது ஆம்பளை, ஊரே மரியாதையாகப் பார்க்கிற ஆள், வயிற்றைத் தடவிக்கொண்டு ஊசிக் கதையா சொல்வார்?

அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் குழுவில் ஏறிவிட்டது. ஸ்ரீகாந்த் கஜபதியைப் பிடித்து நாயைக் கட்டச் சொன்னான். சொன்ன விதம் சரியில்லை. செல்போனில் சட்டப் பிரிவை எடுத்து வைத்துக்கொண்டு படித்துக் காட்டினான்.

"தம்பி, முப்பத்திநாலு வருசம் ரூல் கேட்டு காது புண்ணாய்ப்போச்சு," என்றார் கஜபதி. "அது படுத்துகினு கீது. உன்னைய இன்னா பண்ணிச்சு?"

"என்னை இல்ல. பாயோட மத உணர்வ."

கஜபதி எட்டின் வடக்கு வளையத்தைப் பார்த்தார். பாய் முதுகைக் காட்டிக்கொண்டு வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து பாய் சைபரையும் விட்டுவிட்டார். ஃபோர்மேன் சில சமயம் எழுந்து கஜபதிக்குப் பின்னால் எட்டு நடக்க ஆரம்பித்திருந்தது. அதுவும் எட்டைத் தப்பில்லாமல் நடந்தது என்பது வேம்புலியம்மாள் கொடுத்த சாட்சி. வீட்டு மொட்டைமாடியில் நடந்து பார்த்தார் பாய். தண்ணீர்த் தொட்டி போக மிச்சம் இருந்தது பத்தடி. இரண்டு வாரத்தில் சர்க்கரை பழையபடி ஏறிவிட்டது. பெருவிரல் ஓரம் கறுத்த மாதிரி ஒரு நிழல். ஷரீஃபுன்னிசா டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"அந்த மனுசன்ட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன? நாய்னா பயம்னு?"

"சும்மா இரு."

"கால் போனாலும் பரவால்ல, கௌரவம் போவக்கூடாது. அப்டித்தான?"

பாய் காலை இழுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை. போய்த்தான் பார்ப்போம் என்று பார்க்குக்கு வந்தவரைக் கஜபதி கேட்டிலேயே மடக்கினார். நல்லவேளை, ஃபோர்மேன் தூரத்தில் மரத்தடியில் இருந்தது.

"பாய், ஒரு நிமிசம் வா. ஒண்ணு காட்றேன்."

குழாயடியில் ஒரு பச்சை பக்கெட், ஒரு மக். பக்கத்தில் இன்னொரு சின்ன பக்கெட்டில் செம்மண்.

"உங்க அஜ்ரத்தப் பாத்துட்டு வந்தேன்," என்றார் கஜபதி. "தப்பா எடுத்துக்காத. நமக்குத் தெரியாத சமாசாரம், தெரிஞ்சவராண்டதான கேக்கணும். நாய் சும்மா பக்கத்துல கீதுன்னா ஒண்ணும் இல்லியாம். எச்சிலு பட்டா ஏழு தபா கழுவணும், அதுல ஒரு தபா மண்ணு போட்டு. அதான் மண்ணு கொண்டாந்து வெச்சிட்டேன். நர்சரில வாங்குனது. எரு கலந்ததா, கலக்காததான்னு கேட்டுத்தான் வாங்கினேன். தெனம் தண்ணி நானே மாத்திர்றேன். நீ நிம்மதியா நட. பட்டுச்சுன்னா நானே ஊத்தறேன்."

பாய் மண்ணைப் பார்த்தார். கல் இல்லாமல், வேர் இல்லாமல், சலித்து வைத்த மண். மனுஷன் முறத்தில் போட்டுப் புடைத்திருப்பார் போல. பதிலுக்கு ஏதாவது சொல்லவேண்டும். "இருக்கட்டும் கஜபதி, எதுக்கு சிரமம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அன்று கடையில் ஒரு காயிலை மூன்று தடவை தப்பாகச் சுற்றினார். சுற்றுக் கணக்கு நடுவில் நழுவி நழுவிப் போனது. ஒரு மனுஷன், இவர் மார்க்கம் என்ன சொல்கிறது என்று பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டிருக்கிறான். இவர் அந்த மார்க்கத்தை எடுத்துத் தன் பயத்துக்குப் போர்வையாகப் போட்டிருக்கிறார். நினைக்க நினைக்க, வயிற்றில் ஊசி இறங்கின இடமெல்லாம் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குப் பார்க்கில் கூட்டம் போட்டான் ஸ்ரீகாந்த். நகராட்சிக்கு மனு. பூங்காவுக்குள் நாயே வரக்கூடாது, கயிறு கட்டினாலும் கூடாது என்று அழகாக டைப் அடித்திருந்தான். முதல் கையெழுத்து உஸ்மான் கனி பாயுடையது இருந்தால்தான் மனுவுக்கு எடை என்றான். பேனாவை பாய் கையில் கொடுத்தான்.

கனி பாய் தாளைப் பார்த்தார். போட்டால் தீர்ந்தது. பார்க் சுத்தமாகிவிடும். எட்டு திரும்பக் கிடைக்கும். பெருவிரல் பிழைக்கும். பேரும் அப்படியே இருக்கும். ஒரே ஒரு கையெழுத்து.

"போடுங்க பாய், போடுங்க," என்றான் ஜெகன். அவனும் நாய் வளர்ப்பவன், சாயங்காலத்தில் கூட்டிவருவான். "இன்னிக்கு நாயி. நாளைக்கு வாசல்ல கோலம் போடாதன்னு ஒரு மனு. எங்க ஊரு பார்க்குல எங்களுக்கே எடமில்லாம ஆக்கிடுங்க."

"யாரு ஊரு?" என்று பெஞ்சிலிருந்து கேட்டாள் வேம்புலியம்மாள். "பாய் தாத்தா காலத்துலேந்து பூந்தமல்லி. நீ போன வருசம் பெருங்களத்தூர்லேந்து வந்த. ஊராம் ஊரு."

"ஆண்ட்டி, நீங்க சும்மா இருங்க. இவங்களுக்குன்னா எல்லாரும் பயந்துகினு..."

"யார்ரா இவங்க? மரியாதையா பேசு," என்று ஸ்ரீகாந்த் குரலை உயர்த்தினான். இரண்டு பேர் ஜெகன் பக்கம் நகர்ந்தார்கள். நாலு பேர் ஸ்ரீகாந்த் பக்கம். நேற்றுவரை ஒரே எட்டில் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் நடந்தவர்கள்.

"இருங்கப்பா," என்றார் கஜபதி. அவர் ஃபோர்மேனை இடுப்பு பெல்ட்டால் கேட்டுக் கம்பியில் கட்டிவிட்டு வந்திருந்தார். ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மனு கினு ஒண்ணும் வாணாம். பாயோட தொழுகைக்கு எடைஞ்சல்னா எனக்கு நாயே வாணாம். திருத்தணில தங்கச்சி ஊடு கீது. நாளைக்கே வுட்டுட்டு வந்துர்றேன். ஒருத்தரு சாமிய இன்னொருத்தரு நோவடிச்சுகினு எத்தினி நாளு இருக்கறது? வுடுங்க."

சொல்லிவிட்டு நாய் இருந்த பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்தார்.

பாய் பேனாவை மூடினார். மூடுகிற சத்தம் அவருக்கே கேட்டது.

"எனக்கு நாய்னா பயம்," என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"மார்க்கமும் இல்ல, ஒளுவும் இல்ல. பயம். சின்னப் பிள்ளையில கடிச்சிடுச்சு. வயித்துல பதினாலு ஊசி. அன்னிலேந்து நாயப் பாத்தா கை கால் ஓடாது. இந்தத் தம்பி ஒளுவான்னு கேட்டுச்சு. ஆமான்னு தலைய ஆட்டிட்டேன். அது பரவால்லியா இருந்துச்சு. பெரிய பள்ளிக்கு நான் நடந்து போறதும் அதுக்குத்தான். பால் பூத்தாண்ட நாலு நாய் கீது."

கடைசி வரியை யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, துணை கிடைக்காமல் அடங்கியது. ஸ்ரீகாந்த் தாளை நாலாக மடித்தான். ஜெகன் செல்போனை எடுத்து அதில் ஒன்றுமே இல்லாததைப் பார்த்தான்.

வேம்புலியம்மாள்தான் பேசினாள். "அடப் பாவி மனுசா. எனக்கும் அதான் பயம், இந்த நாயி வந்ததுலேந்து. முட்டி வலின்னு சொல்லிகினு இந்த பெஞ்சத் தேச்சுகினு கீறேன்."

கஜபதி பாய்க்குப் பக்கத்தில் வந்தார். முகத்தில் கோபம் மாதிரி ஒன்று இருந்தது.

"இத மொத நாளே சொல்லிருந்தா மொத நாளே கட்டிருப்பேன்ல? அந்தப் புள்ள ரூலு பேசுச்சு, நான் வீம்பு பேசினேன். பயம்னா அதுல பேச்சே இல்லியே. லேத்துல வெரலு போயிடுமோன்னு முப்பத்திநாலு வருசம் பயந்தவன்யா நானு." குழாயடிப் பக்கம் பார்த்தார். "மண்ணு வேற சலிச்சேன்."

"பாத்தேன்," என்றார் பாய். "நல்லா சலிச்சிருந்தே."

வீட்டில் ஷரீஃபுன்னிசாவுக்கு விஷயம் அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. டீயை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பாய் டம்ளரைத் தொடாமல் கேட்டார்: "அஜ்ரத் என்ன நினைப்பாரு? அத்தன வருசம் நடந்ததெல்லாம் நாய்க்காகன்னு ஆயிப்போச்சே. அதுக்கு ஏதாச்சும் நன்ம உண்டா?"

"போன எடம் பள்ளிதான? நாய் தொரத்தி நீங்க ஒயின்ஷாப்புக்கா போனீங்க?" என்றாள் அவள். "டீயக் குடிங்க."

திங்கட்கிழமை கஜபதி கடையிலிருந்து ஒரு நைலான் கயிறு வாங்கி வந்தார். பாய் அதைக் கேட்டுக்கு வெளியில் நின்றே பார்த்தார். முடிச்சு சரியில்லை. நைலான் வழுக்கும். தன் உயிரைக் கட்டியிருக்கிற முடிச்சை இன்னொருத்தர் கைக்கு விட அவரால் முடியவில்லை. மறுநாள் கடையில் காயிலை இறுக்கிக் கட்டுகிற பருத்தி நாடாவை எடுத்து, எட்டுப் பிரியாகப் பின்னி, வார்னிஷில் முக்கிக் காயவைத்து ஒரு கயிறு செய்தார். மோட்டார் ஆயிரக்கணக்கில் சுற்றினாலும் அவிழாத கட்டு. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார், கையை நீட்டி, உடம்பைத் தள்ளி வைத்துக்கொண்டு.

கஜபதி ஒரு முனையை ஃபோர்மேன் கழுத்துப் பட்டையில் மாட்டினார். "போதுமா பாய்?"

"இல்ல. இழுத்துப் பாக்கணும்."

"இழு."

பாய் மறுமுனையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காயிலைச் சோதிக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கி வெட்டி இழுத்தார். முடிச்சு அசையவில்லை. இன்னும் ஒரு தடவை இழுத்தார். அந்தப் பக்கம் கஜபதி பட்டையை விட்டுவிட்டு, மூக்குத்தூள் எடுக்கச் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார். கயிறு நீளமாக, விறைப்பாக, பாயின் கையிலிருந்து நேராக ஃபோர்மேனின் கழுத்துக்குப் போயிருந்தது. நடுவில் வேறு யாரும் இல்லை. ஃபோர்மேன் அவரைப் பார்த்தது. அப்புறம் உட்கார்ந்தது.

பெஞ்சில் வேம்புலியம்மாள் வாயைத் திறந்தாள். என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை என்பார்கள்.

"முடிச்சு நிக்கும்," என்றார் பாய், இன்னும் கயிறைப் பார்த்துக்கொண்டே. "கஜபதி, பிடி இத. எனக்கு நாப்பது நிமிசம் நடக்க கீது."